படத்துக்குப் பக்கத்தில் வைத்த ரவுட்டர்

என் தம்பி ஜெகனுக்கு, "பெட்டியத் தொடாதக்கா" என்று வாய் ஓயாமல் என்னை விரட்டிய என் செல்லத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்வதானால் இப்போதே கோபித்துக்கொள். உன் கேம் பெட்டியைத் தொட்டுவிட்டேன். தொட்டதோடு விட்டேனா? பின்னால் இருக்கிற வயர்களைக் கழற்றி மாட்டினேன். உள்ளே இருக்கிற செட்டிங்ஸ் ஒன்றுவிடாமல் நோண்டினேன். போன வாரம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டியதுதான் வேலை. நீ பார்த்திருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாய்.

எல்லாம் மலருக்காகத்தான். நம் தங்கச்சிக்கு உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க லீவு கிடைக்கவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் இப்படித் திரும்புவாய் என்று யார் நினைத்தோம்? அவளுக்குப் போனில் காட்டினோம். பாதியில் லைன் வெட்டிக்கொண்டது. அன்றைக்குப் பிறகு யார் எடுத்தாலும் அவள் போனைத் தூக்குவதே இல்லை. "நல்லா இருக்கேன்" என்று ஒரு மெசேஜ் மட்டும் வரும். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என்னென்ன கதை பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும்தானே? "நல்லா இருக்கேன்" என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் நம்பவே இல்லை.

நான்தான் பயந்தாங்கொள்ளி ஆயிற்றே. கேத்தல் கொதித்து மூடி தடதடத்தாலே நெஞ்சில் கை வைக்கிறவள். நான் வேலை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள். நீ இதையெல்லாம் செய்து காட்டிச் சிரிப்பாய். மலர் விஷயத்தில் நான் பட்ட பாட்டை யாரும் செய்து காட்ட முடியாது.

போன திங்கட்கிழமை அவளிடமிருந்து கொஞ்சம் நீளமான மெசேஜ் வந்தது. "அக்கா, போன்ல பேசினா அழுகதான் வருது. அம்மாவும் அழுகுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேடம் தூங்குற நேரம், அண்ணன் வீட்டத் தெறந்து வை. நான் அங்க வாரேன்."

அண்ணன் வீடு என்றால் எது என்று எனக்கு உடனே புரிந்தது. பெட்டிக்குள் நீங்கள் இரண்டு பேரும் கட்டிய வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ இங்கே டிவிக்கு முன்னால், அவள் அங்கே கையில் போனோடு, கட்டை கட்டையாக எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். "லயம் இல்லக்கா, தனி வீடு. பக்கத்துக் காம்பரா சத்தம் கேக்காது" என்று எனக்குக் காட்டினாய். "விளையாட்டுல கட்டின வீட்டுல போய்க் குடியிருக்கவா போற?" என்று கேட்டேன். மலர் வெளிநாட்டுக்குப் போனதே ஒரு தனி வீட்டுக்காகத்தான். அதை நினைத்துத்தான் அவளோடு சேர்ந்து கட்டினாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வீடு உன் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். உன் பெட்டி இன்டர்நெட்டுக்கு வந்தால்தான் அவளுக்குக் கதவு திறக்குமாம். திங்கள் மாலையே பெட்டியைப் போட்டேன். இணைக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அணைத்துப் போட்டேன். வந்தது. அரை மணி நேரம் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டேன். அப்போதும் அதேதான்.

டேட்டா முடிந்திருக்கும் என்று ரீலோட் போட்டேன், அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. "இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு" என்று ஒரு பட்டன் இருந்தது. மறந்துவிட்டுத் திரும்பப் பிடித்தால் சரியாகும் என்று அமுக்கிவிட்டேன். அது மறந்துவிட்டது. உடனே பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு எங்கே தெரியும்? உன் பிறந்தநாள், அம்மா பெயர், மலர் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

பண்டாரவளைக் கடையில் உன்னோடு போன் திருத்துகிற நிஸாமுக்குக் கால் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவன் மெல்லச் சொன்னான்.

"பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் அக்கா. சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு நிஸாம்."

"பயந்தசெல்வி. இங்கிலீஷ் எழுத்துல, இடைவெளி இல்லாம. அக்கா கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டான்னு சொல்லிச் சிரிப்பான்."

அட பாவி! என் பெயரையா பூட்டாகப் போட்டு வைத்திருந்தாய்? அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அதைத் தட்டினேன். வைஃபை பிடித்துக்கொண்டது. சாமியைக் கும்பிட்டுவிட்டு இணைப்பைச் சோதித்தேன். வைஃபை சரி என்று வந்தது. அடுத்த வரியில், இன்டர்நெட் தோல்வி.

நிஸாம் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து செய்து பார்த்தேன். ஏதோ எண்களை மாற்றச் சொன்னான், மாற்றினேன். வெள்ளிக்கிழமை அவனும் சோர்ந்துபோய், "ஒண்டும் சரிவராட்டி பெட்டிய முழுசா ரீசெட் பண்ணித்தான் பாக்கணும் அக்கா" என்றான். பண்ணினால் உள்ளே இருக்கிற வீடு என்னாகும் என்று கேட்டேன்.

"அதுவும் அழிஞ்சிரும்."

ரீசெட் செய்தால் வீடு போய்விடும். செய்யாவிட்டால் மலர் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பாள். வரச் சொன்ன இடத்துக்கும் நாங்கள் வராமல்போனால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தை மெசேஜும் நின்றுபோனால் நான் யாரைப் போய்க் கேட்பது? ரீசெட் பட்டன் வரைக்கும் போனேன். "எல்லாம் அழிக்கப்படும், நிச்சயமா?" என்று அது கேட்டது. டிவியையே அணைத்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் நிஸாமே கால் எடுத்தான். "அக்கா, ஒண்டு கேக்க மறந்துட்டேன். ரவுட்டர்ல என்ன கலர் லைட் எரியுது?"

"செவப்பு."

"செவப்பா? எப்பவும் பச்சைதானே. ரவுட்டர் எங்க வச்சிருக்கு?"

"தம்பி படத்துக்குப் பக்கத்துல."

"அக்கா, அவன் அத ஜன்னல்லதானே வச்சிருந்தான். எதிர் மலை டவரப் பாத்து வைக்கணும்டு எவ்வளவு பாடுபட்டான் தெரியுமா?"

நடந்தது இதுதான், ஜெகா. உன் கருமாதியன்று காம்பராவைக் கழுவிவிட சாமான்களையெல்லாம் வெளியே எடுத்தார்கள். திரும்ப உள்ளே வைக்கும்போது, உனக்குப் பிடித்ததையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் அம்மா படைத்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும், பிளேன்டீ, உன் தொப்பி. கூடவே, நீ துடைத்துத் துடைத்து வைத்த அந்த வெள்ளைப் பெட்டி. பிளக் மாட்டும் இடமும் பக்கத்திலேயே இருந்ததால் வயரையும் மாட்டிவிட்டது. படையல் சாப்பாட்டை எடுத்துப் பங்கிட்டோம். தொப்பியும் ரவுட்டரும் அங்கேயே இருந்துவிட்டன. பின்சுவர் மூலை அது. சுவருக்கு அந்தப் பக்கம் மண் மேடு, மேலே தகரம். அங்கே எந்தச் சிக்னல் வரும்?

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் புதுப் பயம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வேன்? தினமும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் முகம் கழுவி உன் முன்னால்தான் உட்காருகிறது. விளக்கு அணைந்த பிறகும் அந்தச் சிவப்பு வெளிச்சம் உன் முகத்தில் படும். அதைக் காட்டி என்னிடமே சொல்லியிருக்கிறது, "பாரு செல்வி, புள்ளைய இருட்டுல விடாம ஒரு வெளக்கு எரியுது."

இருந்தாலும் சொன்னேன்.

"எடுக்கக்கூடாது" என்றது அம்மா. "தலைத்திவசம் வரைக்கும் அவனுக்கு வச்சத அசைக்கவே கூடாது."

"அம்மா, அது வெளக்கு இல்லம்மா. சிக்னல் கெடைக்காம தவிக்குது. அதான் செவப்பா எரியுது."

"என்ன தவிக்குது?"

"ரவுட்டரும் தவிக்குது, மலரும் தவிக்குது. நீயா எடுத்துக் குடுத்தாத்தான் இன்னைக்கு அவ கிட்டப் பேசலாம்."

மலர் பெயரைச் சொன்னதும் அம்மா எழுந்துபோய்ச் சூடத்தை எடுத்தது. உன்னிடம் உத்தரவு கேட்கப்போவதாகச் சொன்னது. சூடம் கொளுத்தி, "சாமி, தங்கச்சிக்காக எடுக்கிறேன், வலப்பக்கம் பூ குடு" என்று கும்பிட்டுவிட்டு உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

உன் படத்து மாலையிலிருந்து பூ விழவில்லை. சூடம் எரிந்து அணைந்தது, சோறு ஆறியது, மத்தியானமும் வந்துவிட்டது. பூ மட்டும் விழவில்லை. அங்கே மேடம் தூங்கப் போயிருப்பாள். நான் நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். நீ எப்போதுமே சொன்ன நேரத்துக்கு எதையும் செய்கிறவன் இல்லை, அதற்காக இதிலுமா?

ரவுட்டரை வைக்க இடம் ஒதுக்கலாம் என்று நான் போய் ஜன்னலைத் திறந்தேன். நம் பூனாகலைக் காற்றை உனக்குச் சொல்ல வேண்டுமா? மூடுபனியையும் கூட்டிக்கொண்டு ஒரே வீச்சாக உள்ளே வந்தது. மாலை ஆடியது. வலப்பக்கம் ஒரு செவ்வந்தி விழுந்தது.

"குடுத்துட்டான்!" என்றது அம்மா. அது உன் வேலையா என் வேலையா என்று நான் இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

அம்மாவே ரவுட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தது. சிவப்பு விளக்கு. பிறகு எதுவும் எரியவில்லை, செத்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு விட்டு விட்டு மினுங்கியது. பிறகு பச்சை, நின்று எரிந்தது.

அதோடு முடிந்ததா? பெட்டி ஒரு அப்டேட் கேட்டது. அந்தக் கோடு ஊர்ந்த ஊர்தலில் என் உயிரில் பாதி போய்விட்டது. எதிர் மலையைப் பனி மூடுகிறது, கரண்ட் வேறு ஒரு தடவை மினுங்கியது. ஒருவழியாக உன் பெயர் திரையில் வந்து, வீட்டின் கதவு திறந்தது. எனக்கு நடக்கத் தெரியாமல் நேரே சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். உன் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நேரம் தப்பிவிட்டது, வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது காதுக்குள் ஒரு குரல். "அண்ணே?"

ஜெகா, ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டேன்.

"நான்தான்டி, செல்வி."

"தெரியும்க்கா. நீதான் வருவன்னு தெரியும். ஆனாலும் போன்ல அண்ணன் பேரு வந்துச்சா, வாய் தானா கூப்பிட்டுருச்சு."

உன் வீட்டுக்கு முன்னால் அவளுடைய பொம்மை வந்து நின்றது. அடிக்கிறார்களா, சாப்பாடு தருகிறார்களா என்று கேட்க வைத்திருந்த கேள்விகளையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றாள். குரலைக் கேட்டதும் நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "இங்க அண்ணன் செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளில்லக்கா. சொல்லாமயே வேல செஞ்சிக்கிட்டு இருக்கேன். அதான் உங்க கிட்டயும் பேச முடியல."

ஹெட்செட்டைக் கழற்றி அம்மா தலையில் மாட்டிவிட்டேன். அழுது கெடுத்துவிடுமோ என்று பயந்தேன். அம்மா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டியா சாமி?" என்றது. பிறகு, "வீட்டுக்குக் கூரை இல்லையே, மழை பெய்யப்போகுது, போடு" என்றது. மலர் கூரை போட ஆரம்பித்தாள். நீ பாதியில் விட்ட இடத்திலிருந்து அவள் ஒவ்வொரு கட்டையாக வைக்க வைக்க, அம்மா "அந்தப் பக்கம் ஓட்டை இருக்கு பாரு" என்று வேலை வாங்கியது. மேடம் எழுந்துவிட்டதாகச் சொல்லி மலர் போகும்போது கூரை இன்னும் முடியவில்லை. "மிச்சத்த வார ஞாயித்துக்கிழமை போடுவோம்மா" என்றாளாம்.

பெட்டியை அணைத்த பிறகு, ரவுட்டரைத் திரும்ப உன் பக்கத்தில் வைக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். மனசு கேட்காமல்தான் கேட்டேன். அம்மா உன் படத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது.

"வேணாம். அங்கயே இருக்கட்டும். பச்சையாவே எரியட்டும்."

இதை எழுதும்போதே நாலைந்து தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். பச்சைதான். பயம் விட்டுவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மழை வருமோ, கரண்ட் போகுமோ, டவருக்கு ஏதாவது ஆகுமோ என்று அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிவைக்கிறேன், தம்பி. அந்தப் பெட்டியில் ஒரு கட்டையைக்கூட அழிய விடமாட்டேன். உன் பெயரை மாற்றமாட்டேன், பாஸ்வேர்டையும்தான். மலர் தட்டும்போது வீடு திறந்திருக்கும். அவள் மறுபடி "அண்ணே" என்று கூப்பிட்டால், இனி உடனே திருத்தமாட்டேன். கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்.

சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்
உன் பயந்தாங்கொள்ளி அக்கா,
செல்வி