பன்றிக்காலோடு வந்த கடதாசி

அப்பா,

மரணப் பதிவுக்கென்று கவுன்சிலில் உங்கள் பழைய பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். தேடுவதற்காக நீல ஃபைலைத் திறந்தேன். அகதியாக வந்த நாளிலிருந்து ஒரு கடதாசியையும் நீங்கள் எறிந்ததில்லை. அகதி கேஸ் கடிதங்களுக்கு நடுவே ஒரு துண்டு, மூலையில் மஞ்சள் கறை. மணந்து பார்த்தேன். வெறும் காகிதம்தான். ஆனாலும் ஜேர்மனி வீட்டு ஹீட்டர் சூட்டில் காய்ந்த பன்றி வத்தல் நினைவுக்கு வந்தது.

நீங்கள் கோப்பை கழுவிய உணவகத்து முதலாளி ஒரு காட்டுப்பன்றிக் காலை உங்களுக்குச் சும்மா கொடுத்தார். வன்னியில் செய்வதுபோல உப்பும் மஞ்சளும் பூசி, கம்பியில் கோத்து ஹீட்டருக்கு மேல் தொங்கவிட்டீர்கள். அன்று உங்கள் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். பன்றிக்காலில் கட்டியிருந்த கடதாசியை என்னிடம் நீட்டினீர்கள்.

"எங்கட பிள்ளை டொச் தண்ணியாய் வாசிப்பாள்."

எனக்கு ஒன்பது வயது. ஒரு எண்ணும், கீழே சிவப்புக் கோடு போட்ட நீளமான ஒரு ஜேர்மன் சொல்லும் இருந்தன. விளங்கவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நல்ல இறைச்சி எண்டு போட்டிருக்கு."

அந்த மாரி முழுக்கத் தின்றோம். லண்டனுக்கு வரும்போதும் மிச்சத்தைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தீர்கள்.

இப்போது அந்தச் சொல் விளங்குகிறது. உண்ணத் தகாதது. நீங்கள் ஊரை விட்டு வருவதற்கு முன்பே எங்கோ ஓர் அணு உலை வெடித்து, அதன் நஞ்சு மழையோடு அந்தக் காட்டில் இறங்கியதாம். பன்றிகள் கிண்டித் தின்னும் காளானில் அது இன்னும் இருக்கிறதாம். அங்கே இறைச்சியில் அந்த நஞ்சை அளந்து பார்த்துத்தான் விற்பார்கள்; கடதாசியில் இருந்த எண் அந்த அளவுதான். முதலாளி அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குச் சமைக்கவில்லை. குப்பைக்குப் போகவேண்டியது எங்கள் வீட்டுக்கு வந்தது. நீங்களோ சாகும்வரை "நல்ல மனுசன்" என்றே சொன்னீர்கள்.

பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க முடியாமலே படிப்பை விட்டவள் நான். இங்கே லண்டனில், எட்மண்டன் கடையில்கூட ஆள் வராத பக்கமாகப் பார்த்துச் சாமான் அடுக்குகிறேன். ஆனால் டொக்டரிடம் கேட்டுவிட்டேன், உங்கள் வயிற்றில் வந்த புற்றுக்கு அதுவா காரணம் என்று. ஒரு மாரி தின்றதால் வந்திருக்காது என்றார். அதை வைத்து நான் என்ன செய்ய? கேட்கவேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

நேற்று அம்மா ஒரு கார்ட் வாங்கிவந்தார். நீங்கள் இல்லை என்று முதலாளிக்கு அறிவித்து, செய்த உதவிக்கெல்லாம் நன்றியும் சொல்லி டொச்சில் எழுதட்டாம். நீங்கள் இறந்துவிட்டதாக ஒரு வரி எழுதினேன். நன்றி எழுதவில்லை. கடதாசியைப் போட்டோகொப்பி எடுத்து, உள்ளே வைத்து ஒட்டினேன்.

"என்னெண்டு எழுதினனி?" என்று அம்மா கேட்டார்.

"நல்லதாத்தான் எழுதியிருக்கு, அம்மா."

அம்மாவும் உங்களைப்போலவே தலையாட்டினார்.

கறை பட்ட கடதாசி என் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. ஃபைலில் திருப்பி வைத்தால், ஒருநாள் அம்மா அதை வேறு யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பார்.