புல்லருக்கு ஈடாக வைத்த செருப்பு

நானா,

கை இன்னும் மணக்கிறது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டேன். சாம்பல் போட்டும் தேய்த்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அவ்வளவு லேசில் போகிற சாமானா? கோப்பையைத் தூக்கினால் தேயிலை வாசத்துக்கு முன்னால் அந்த வாசம்தான் வருகிறது. தேத்தண்ணி குடிக்க வந்த இரண்டு பேர் மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். வேறு கடை வேண்டுமென்றால் ஹாலிஎல டவுன் வரைக்கும் நடக்கட்டும்.

இன்று பதுளைக்குப் போய் உங்கள் வண்டிச் சாமான் கடைக்குள் ஏறினேன். நீங்கள் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தரம். உங்கள் மேசையில் வைத்தே ஒரு பம்பின் புல்லியைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வரும்போது காலில் செருப்பில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை கிடந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நேரம்தான் உங்களிடம் நிறைய இருக்கிறதே.

முதல் நாள் நான் உங்கள் கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் லீக்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றிவந்த லொறி ஒன்று என் கடை இருக்கிற ரோட்டு வளைவில் நின்றுவிட்டது. ஸ்டியரிங் பம்பு போய்விட்டது. அதைச் சுற்றுகிற பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றும் என்பதால் ஓட்டிப் போகவும் வழியில்லை. டிரைவர் பதுளைக்குப் போய் ஒரு பழைய பம்பு வாங்கி வந்தார். அதில் புல்லி, பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரம், இல்லை. பழுதான பம்பிலிருந்து கழற்றி இதில் போட வேண்டும். கழற்றலாம் என்று பார்த்தால் அந்தப் புல்லிக்கு நட்டே கிடையாது. தண்டில் இறுக்கி ஏற்றியிருந்தது. டிரைவர் என்ன செய்தார்? சுத்தியலை எடுத்தார். நாலு அடி. புல்லி கழன்றது, கோணிப்போய்க் கழன்றது. மாட்டி ஓட்டினால் பெல்ட் குதித்துக் குதித்து வெளியே விழுகிறது. மூன்று நாள் லொறி அங்கேயே கிடந்தது. லீக்ஸ் அழுக ஆரம்பித்தது. தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் மூன்று நாளும் லீக்ஸ் கறி, லீக்ஸ் சுண்டல், லீக்ஸ் சம்பல். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் லீக்ஸைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த தரம் ஒரு தோட்டத்து வேனுக்கு அதே வருத்தம் வந்தபோது, டிரைவர் சுத்தியலைத் தேடினார். நான் அதை எடுத்து மாவுப் பீப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன். "இதைக் கழட்டுறதுக்குன்னு ஒரு சாமான் இருக்குமே?" என்று கேட்டேன். "பதுளையில ஒரு முஸ்லிம் நானா கடையில இருக்கு. வண்டியை ரோட்டுல விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்றார். அதனால் நான் பஸ் ஏறினேன்.

உங்கள் கடையில் அன்றைக்கு நான்கு ஆம்பிளைகள் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால் நின்று, "புல்லி கழட்டுற சாமான் வேணும்" என்றேன். நீங்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தீர்கள்.

"புல்லரா? இருக்கு, தங்கச்சி. ஆனா இந்தக் கடையில ஒரு சட்டம். இடது கால் செருப்பை வெச்சிட்டுத்தான் கொண்டு போகணும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். சுவரில் புல்லர் தொங்குகிற ஆணியைக் காட்டினீர்கள். "சாமான் தொங்கினா அது கடையில இருக்கு. செருப்பு தொங்கினா அது வேலைக்குப் போயிருக்கு. பேர் எழுத வேணாம், கணக்குக் கொப்பி வேணாம். ஒத்தச் செருப்போட எவரும் ரொம்ப நாள் நடக்க மாட்டாங்க."

நான் குனிந்து கழற்றினேன். அப்போதுதான் உங்களுக்கு வெட்கம் வந்தது. "பொம்பளைச் செருப்பா? வேணாம், வேணாம். நீங்க சும்மா கொண்டு போங்க."

"எனக்கு மட்டும் என்னத்துக்கு வேற சட்டம்?" என்று கேட்டேன். "என் செருப்பு அந்த ஆணிக்கு ஆகாதா?"

நீங்கள் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, வாரைப் பிடித்து ஆணியில் மாட்டினீர்கள். மாட்டிவிட்டு ஒரு தரம் நேராக்கியும் விட்டீர்கள். அந்த நேராக்கியதுதான் என் மனதில் நின்றது. ஏன் என்று அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. என் அப்பா தோட்டத்துத் துரையைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். கங்காணி வந்தாலும் அப்படித்தான். எங்கள் செருப்பு யாருக்காவது பயந்து கழன்றதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதை ஒருவர் வாங்கி, ஒழுங்காகத் தொங்கவிட்டு, அதை நம்பித் தன் சாமானைக் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புல்லரைத் தருவதற்கு முன்னால் ஒரு செத்துப்போன பம்பை மேசையில் வைத்துக் காட்டித் தந்தீர்கள். இந்த இரண்டு அரை வளையமும் புல்லியின் கழுத்துப் பள்ளத்தைப் பிடிக்கும். அவை விரியாமல் இந்த மூடி மேலே இறங்கும். நடுவில் இருக்கிற திருகை இறுக்கினால் அதன் முனை பம்பின் தண்டைத் தள்ளும். "பார்க்கிறவனுக்கு இழுக்கிற மாதிரித் தெரியும், தங்கச்சி. அது தள்ளிக்கிட்டு நிக்குது. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளணும். விளிம்பைப் பிடிச்சா வளையும், அடிச்சா பம்பு உள்ளுக்குள்ள செத்துரும்." ஒரு ஸ்பேனரால் புல்லரின் உடம்பைப் பிடித்துக்கொள்ள, மற்ற ஸ்பேனரால் திருகைச் சுற்ற, புல்லி நோகாமல் வந்தது. மறுபடி ஏற்றுவதற்கு வேறொரு திருகு. அதையும் காட்டினீர்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் கண்டக்டர் என் காலைப் பார்த்து, "அக்கா, மத்தது எங்க?" என்றான். "அடகுல இருக்கு" என்றேன். பிறகு எத்தனை தரம் வந்தேன், எண்ணவில்லை. பஸ்ஸில் எனக்கு ஒத்தச் செருப்பு அக்கா என்றே பேர் வந்துவிட்டது. எல்லவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகிற வேன், மரக்கறி லொறி, தேயிலைக் கொழுந்து லொறி என்று என் வளைவில் நின்ற எல்லாவற்றுக்கும் உங்கள் புல்லர் ஏறிவந்தது. கடைசியில் டிரைவர்கள் போனை வைத்து வெளிச்சம் மட்டும் பிடிப்பார்கள், கழற்றுகிறது நான்தான்.

உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள். டவுனில் பெரிய கராஜ் வைத்திருக்கிற முதலாளி வந்து புல்லர் கேட்டார். பளபளவென்று தோல் சப்பாத்துப் போட்டிருந்தார். நீங்கள் அவர் காலைக் காட்டினீர்கள். அவர், "என்ன நானா, என்னையுமா? நான் யாருன்னு தெரியாதா?" என்றார். "தெரியும், முதலாளி. கால் ரெண்டுதானே?" என்றீர்கள். அவர் கழற்றவில்லை. நீங்களும் கொடுக்கவில்லை. அவர் இறங்கிப் போனதும் என்னைப் பார்த்து, "சப்பாத்தைக் கழட்ட வெக்கப்படுறவர், சாமானைத் திருப்பித் தரவும் வெக்கப்படுவாரு" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நீங்கள் போன அன்றைக்கு புல்லர் என்னிடம் இருந்தது. முந்தின நாள் ஒரு வேனுக்காக எடுத்துவந்தது. திருப்பித் தர வந்தால் கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, தெரு முழுக்கத் தொப்பி போட்ட ஆம்பிளைகள். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். உங்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். பையில் உங்கள் சாமான் கனத்துக்கொண்டு கிடந்தது. ஒரு கால் தரையில், ஒரு கால் செருப்பில். என் மற்றச் செருப்பு அந்த ஷட்டருக்கு உள்ளே உங்கள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

பிறகு உங்கள் மகளைக் கட்டின மருமகன் கடையைத் திறந்தார். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. நான் புல்லரை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. ஓடவில்லை, நான்தான் ஓடவிட்டேன். என் கடைச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டிவிட்டேன். கேட்டு வந்த டிரைவர்களுக்கு இடது செருப்பை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். ஒன்றும் தொலையவில்லை. முந்தாநாள் கண்டக்டரிடம் மருமகன் சொல்லி அனுப்பினார், சாமானைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செருப்பை எடுத்துப் போகச் சொல்லி. நியாயம்தானே? நானும் மிஞ்சின வலது செருப்பைப் போட்டுக்கொண்டு கொடுக்கத்தான் போனேன். சத்தியமாகக் கொடுக்கத்தான் போனேன்.

கடைக்குள் போனால் சப்பாத்து முதலாளி கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் அவர் கொண்டுவந்த ஒரு பம்பு, புல்லியோடு. விளிம்பில் சுத்தியல் அடையாளம். உங்கள் ஆணியில் என் செருப்பு, தூசி படிந்து.

"வாங்க அக்கா," என்றார் மருமகன். "அந்தச் சாமானை முதலாளி கேக்கிறாரு. அவரோட கராஜுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"கேக்கிறவங்களுக்கு அவர் குடுப்பாரா, தம்பி?"

முதலாளி சிரித்தார். "என்னம்மா, கராஜ் எதுக்கு இருக்கு? வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுக் கீழே வரட்டும். நாங்க செஞ்சு குடுப்போம். தேத்தண்ணி ஊத்துற கைக்கு இது என்னத்துக்கு?"

நானா, நான் பையிலிருந்து புல்லரை எடுத்தேன். அந்தப் பம்பை என் பக்கம் இழுத்தேன். அரை வளையங்களைக் கழுத்தில் வைத்தேன், மூடியை இறக்கினேன், ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "தம்பி, இதை அசையாமப் பிடிங்க" என்றேன். உங்கள் மருமகன் தன்னை அறியாமலே பிடித்துக்கொண்டார். நான் திருகைச் சுற்றினேன். முதலில் ஒரு இறுக்கம், பிறகு அந்தச் சின்ன முனகல், உங்களுக்குத் தெரியுமே, அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. பம்பில் கிடந்த எண்ணெய் என் கை முழுக்க. புல்லியை முதலாளிக்கு முன்னால் வைத்தேன். "இந்தக் கைக்குத்தான்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "சரி, சரி. தெரியுதுதான். சாமானை வெச்சிட்டுப் போங்க."

நான் மருமகனிடம்தான் பேசினேன். "தம்பி, இது எனக்குச் சொந்தம்னு நான் சொல்லவே இல்ல. இது இந்த ஆணிக்குச் சொந்தம். வர்றவங்களுக்கெல்லாம் முந்தி மாதிரிக் குடுப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாட்டிட்டுப் போறேன்."

அவர் முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, இப்ப அப்படியெல்லாம் செய்ய ஏலாது" என்றார்.

"அப்ப நானாவோட சட்டப்படி நான் இன்னும் வேலை முடிக்கல" என்றேன். புல்லரைத் துடைத்துப் பையில் போட்டேன். குனிந்து வலது கால் செருப்பையும் கழற்றினேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் பயமில்லை, நானாகக் கழற்றினேன். அதை இடது செருப்புக்குப் பக்கத்தில் அதே ஆணியில் மாட்டினேன்.

"என்ன பிடிவாதம் இது!" என்று முதலாளி எழுந்தார். "உங்க சாமானைக் கொண்டு போறாங்க, நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று மருமகனிடம் கத்தினார்.

அப்போது உள்ளேயிருந்து, திரைக்குப் பின்னாலிருந்து, உங்கள் மகள் குரல் வந்தது. அதுவரைக்கும் அவ அங்கே நிற்கிறா என்றே எனக்குத் தெரியாது. "வாப்பா இருந்திருந்தா, முதலாளியைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லியிருப்பாரு."

உங்கள் குரலேதான் அது. மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமினார். முதலாளி இறங்கிப் போனார். அவசரத்தில் பம்பையும் புல்லியையும் மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆணியில் தொங்கின செருப்பில் ஒன்று கோணியிருந்தது. மருமகன் கை நீட்டி அதை நேராக்கினார். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

தார் ரோடு நல்லாச் சுட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "அக்கா, இப்ப ரெண்டுமே போச்சா?" என்றான். "போகல. வேலைக்கு வெச்சிருக்கு" என்றேன்.

வளைவில் இறங்கியபோது ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் இடது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாங்கி என் ஆணியில் மாட்டி, நேராக்கி, புல்லரைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதுச் செருப்பு வாங்கச் சொல்லி வீட்டுக்காரர் சொல்கிறார். வாங்க மாட்டேன். ஒரு நாள் உங்கள் மருமகன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார், அன்றைக்குப் போட்டுக்கொள்ள அங்கே எனக்கு ஒரு சோடி இருக்கிறது. அதுவரைக்கும் யாராவது வந்து உங்கள் ஆணியைப் பார்த்து, சாமான் எங்கே என்று கேட்டால், நீங்கள் சொன்னதையே அவர் சொல்லட்டும். செருப்பு தொங்குகிறது. சாமான் வேலைக்குப் போயிருக்கிறது.