தண்ணி வராத கதை

அக்கா,

பக்கத்துத் தோட்டத்தில் நேற்று முழுக்க ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டார்கள். இன்று காலை நம் கதை அறையைத் திறந்தால் பாய், பெஞ்சு, புத்தக அலமாரி எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் கல்மாவு படிந்து கிடக்கிறது. ஈரக்கல்லும் டீசலும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியாததா? போர் போடுகிற ரிக் வண்டி வேலைக்கு வெளிமாநிலம் போன நம் ஊர் ஆண்கள் எட்டு மாதம் கழித்து வீடு திரும்பிப் பையைத் திறந்தால் அடிக்குமே, அதே வாசனை. கூட்டலாமென்று விளக்குமாற்றை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த அறைக்குள் நீங்கள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கட்டி நாலு வருஷம் உயிரோடு இருந்தீர்கள். சத்துணவுக்கூடத்திலிருந்து இங்கே வர முப்பது தப்படிகூட இருக்காது. பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்தால்கூட வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். "உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் சலித்துப் போயிற்று. ஏன் வரவில்லை என்பது ஊரில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை ஆரம்பித்ததே நீங்கள்தான். நான் நூலகத்தில் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஒருநாள் மத்தியானம் சோறு போடும்போது ஒரு சின்னப் பெண் உங்களிடம் அழுதாள். "அப்பா போன்ல பேசுனா, யாரு, பெரியவளா சின்னவளான்னு கேக்கறாருங்க" என்றாள். கரண்டியோடு நேரே என்னிடம் வந்து நின்றீர்கள். "கொரலு மறந்துபோற அளவுக்கு ஒரு பொழப்பா அம்மிணி? நீ பொஸ்தகத்தக் கட்டீட்டு அழுவறயே, உருப்படியா எதாச்சும் பண்ணு" என்று என்னைத் திட்டினீர்கள். ஏதோ நான்தான் அந்த ஆளை மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பி வைத்த மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சத்துணவுக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பதினொருவரின் அப்பாவும் ரிக் வண்டியில். ஆளுக்கொரு கதை. என் போனில் பதிவு செய்து அப்பாக்களுக்கு அனுப்புவோம். அங்கே கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. டீ குடிக்க வண்டியை நிறுத்தும்போதுதான் கேட்பார்கள். அதனால் பிள்ளைகள் எல்லோருமே "அப்பா, கேக்குதா?" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். கேட்ட அப்பா ஒரே ஒரு கேள்வி திருப்பி அனுப்ப வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதிலாக அடுத்த வாரக் கதை வளர வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். "அந்த ஆன ராத்திரிக்கு எங்க படுத்துச்சு?" என்று துளை போடுகிற ஒரு முரட்டு டிரில்லர் கேட்டதை நினைத்து நினைத்துச் சிரிப்பீர்கள். வண்டிக்காரர்கள் எல்லோருடைய போனிலும் என் நம்பர் 'கதை அக்கா' என்று இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. உங்களுக்குக் கொஞ்சம் பொறாமை. இல்லை என்று சொல்லாதீர்கள்.

தாரணி அப்போது எட்டாவது. அவள் கதைதான் எல்லாவற்றிலும் பெரிசு. ஒரு ரிக் வண்டி பூமியைத் துளைத்துக்கொண்டே போகும். நூறு அடியில் ஒரு சந்தை, இருநூறு அடியில் தலைகீழாக நடக்கிற ஜனங்கள், முந்நூறு அடியில் கோழிகள் நடத்துகிற பள்ளிக்கூடம். வாராவாரம் அவள் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "தண்ணி வந்துச்சா சாமி?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தோம். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பிள்ளைகள் கதை சொல்வதைப் பார்த்துப் பிடித்துப்போனால் நமக்கென்று ஒரு அறை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அரிசி மூட்டைக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து கதை சொன்னது போதும் என்று எனக்கு ஒரே வெறி. மத்தியானம் மூன்றரை இருக்கும். சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது தாரணி. மேடை ஓரத்தில் மைக்குக்குக் காத்து நின்றாள். என் போன் அடித்தது.

பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் எடுத்தேன். "கதை அக்காங்களா?" என்றது ஓர் ஆண் குரல். "குழிக்குள்ள எறக்கற கேசிங் பைப்பு நழுவி மேல உழுந்துருச்சுங்க. தாரணி அப்பா போய்ட்டாருங்க. அவரு ஊட்டுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரலைங்க. நீங்க சொல்லிருங்க." பிள்ளைகளின் கதை போய்ச் சேர்ந்த அதே நம்பருக்குத்தான் அதுவும் வந்தது. வேறு யாரைத் தெரியும் அவர்களுக்கு?

உங்களைத் தனியே இழுத்துச் சொன்னேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை நீங்கள். "நிறுத்து அம்மிணி. ஆத்தாளையும் புள்ளையையும் ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போலாம்" என்றீர்கள்.

நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "பத்தே நிமிசமுங்கக்கா. அவ கதைக்குத்தான் அந்த ஆபீசரு வந்திருக்கறாரு. போனவரு பத்து நிமிசத்துல திரும்பியா வரப்போறாரு?"

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். சண்டை போட்டிருந்தால் நான் அடங்கியிருப்பேன் என்று பிற்பாடு பல நாள் பழியை உங்கள் மேல் தள்ளிப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் விறுவிறுவென்று நடந்து போய், பெண்கள் வரிசையில் தாரணியின் அம்மா பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, அந்த அம்மாவின் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். நான், எந்தப் போனில் சேதி வந்ததோ அதையே மேடை விளிம்பில் வைத்துப் பதிவை அழுத்தினேன். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அப்பா, கேக்குதா?" என்று ஆரம்பித்தாள்.

எழுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஊரே நனைவதாகத்தான் நாம் பழக்கியிருந்தோம். பத்து நிமிஷக் கதை. எழுநூறு அடி வந்தது. "இன்னும் தண்ணி வரலை" என்றாள். எண்ணூறு அடியில் ஒரு கல்யாண வீடு. தொள்ளாயிரத்தில் பஸ் ஸ்டாண்டு, அங்கே பஸ்ஸெல்லாம் ஆட்களின் மேல் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போகின்றன. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாரணியின் அம்மாவும் சிரித்தார். பக்கத்தில் நீங்களும் சிரித்தீர்கள். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு. முப்பத்தைந்து நிமிஷம் போயிற்று. "இன்னும் தண்ணி வரலை. ஓட்டறவரு வண்டிய நிறுத்தவும் இல்லை" என்று சொல்லி, அவளாக மைக்கைக் கீழே வைத்தாள். அதுவரை அப்படி ஒரு கைதட்டலை நம் ஊர் கேட்டதில்லை.

இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாவுக்கு அனுப்பீட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அனுப்பீட்டேன் சாமி" என்றேன்.

அதிகாரியின் ஜீப் கிளம்பிய பிறகுதான் சொன்னோம். இப்போதுதான் போன் வந்தது என்று நான் சொன்னேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் உடம்பு வந்து சேர்ந்தது. காரியம் முடிந்ததும் அம்மாவும் மகளும் எருமப்பட்டிக்கு, அந்த அம்மாவின் பிறந்த ஊருக்கே போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் அறைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அதன் பிறகு நீங்கள் எத்தனை தடவை கேட்டீர்கள், எருமப்பட்டி போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று. "சோறு எறங்க மாட்டேங்குது அம்மிணி. செத்த ஆளப் பாத்துக் கதை சொல்ல உட்டு வேடிக்கை பாத்தமே" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் வாயை அடைத்தேன். இப்போது போய்ச் சொன்னால் ஆறின புண்ணைக் கீறின மாதிரி ஆகும் என்றேன். புண் எங்கே ஆறியது? எனக்குப் பயம், அவ்வளவுதான். அறை போய்விடும், ஊர் காறித் துப்பும் என்ற பயம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாமக்கல் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டீர்களே, "தாரணியக் கூட்டீட்டு வா, ஒருக்கா பாத்துக்கறேன்" என்று. சரிங்கக்கா என்றேன். மறுநாள் வந்து, "பரிச்சை இருக்குதாமுங்க, வர முடியலையாமுங்க" என்றேன். "பாவம், படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அக்கா, நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. எருமப்பட்டிப் பக்கம் நான் போகவே இல்லை. நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பத்து நாளைக்கு முன் அவளே வந்தாள். இருபது வயசாகிறது. சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். உயரம் அப்படியே அவள் அப்பா. பாயில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினாள். அன்றைய பதிவு அவள் அம்மாவுக்கு வேண்டுமாம். இத்தனை வருஷம் கேட்காதவர் இப்போது கேட்கிறாராம்.

பழைய போனை எடுத்துச் சார்ஜ் ஏற்றினேன். அது உயிர் பிடிக்கும் வரை சும்மா நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். போன் வந்தது கதைக்கு முன்னால்தான் என்று சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி சாமி?" என்றேன்.

"நீங்க டிரம்முக்கிட்ட நின்னு பேசுனதப் பாத்தேன். அங்க பதினோரு பேரோட அம்மாவும் உக்காந்திருந்தாங்க. சத்துணவு அக்கா எங்கம்மா கையத்தான் புடிச்சாங்க. அப்பறம் என்னங்க தெரியோணும்?"

"தெரிஞ்சுமா சாமி அவ்வளவு நேரம்..."

"தண்ணி வந்தா கதை முடிஞ்சுரும். முடிஞ்சா நீங்க வந்து சொல்லிருவீங்க. அதான் தண்ணி வராம பாத்துக்கிட்டேன்." குரலில் ஓர் ஏற்ற இறக்கம் இல்லை. நோயாளியின் சீட்டை வாசிப்பது போலச் சொன்னாள். "அதுக்கு மேல என்னால முடியலீங்க. எறங்கி வந்து அனுப்பீட்டீங்களான்னு கேட்டேன். நீங்க அனுப்பீட்டேன்னீங்க. ஒரு நிமிசம், நாந்தான் தப்பா நெனச்சுட்டனோ, அப்பா இருக்கறாரோன்னு இருந்துச்சு. அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் உங்கள எனக்கு ஆகாது."

நியாயம்தானே அக்கா.

பதிவு அவள் போனுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சத்துணவு அக்கா மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவுங்க கை அங்க இருந்ததாலதான் நான் மேடையில உழுகாம நின்னேன். ஆஸ்பத்திரில இருக்கறாங்கன்னு தெரியாமப் போச்சு. ஒருக்கா கூப்புட்டு உட்டிருந்தா ஓடியாந்திருப்பேன். அவுங்க ஏனுங்க கூப்புடவே இல்ல?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏழு வருஷமாக அதில்தான் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் மூடினால் உங்கள் பெயர் அல்லவா கெடும்? தன்னை மறந்துபோய்விட்டீர்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு போய்விடுமே.

"கூப்பிட்டாங்க சாமி. நாந்தான் உங்கிட்ட வந்து சொல்லலை" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். வாரேன் என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையை ஏமாற்றிவிட்டோம் என்று புழுங்கிப் புழுங்கிச் செத்தீர்களே, அவளை நீங்கள் ஏமாற்றவில்லை. உங்கள் கை அவளிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவள் வந்திருந்தால் அதை அவள் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். ஒரு டவுன் பஸ் தூரம். அதைக் கேட்க விடாமல் செய்தவள் நான். முப்பத்தைந்து நிமிஷம் அவளுக்குச் செய்ததை அவள் தாங்கிக்கொண்டாள். நாலு நாள் உங்களுக்குச் செய்ததைத் தாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது, இருக்கும். இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது, சொல்லுங்கள் அக்கா.