கண் கிணற்றை இடமாகச் சுற்றியவள்

மே 14, 1957, செவ்வாய்

புதுக் கன்று வாளியில் பால் குடிக்க மறுக்கிறது. விரலைச் சப்பக் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடேயே தபால்காரரிடம் கடிதத்தை வாங்கினேன். இங்கிலாந்திலிருந்து, கவெண்ட்ரியில் உள்ள ஒரு பங்குச் சாமியார் எழுதியிருக்கிறார். பார்ட்லி சனிக்கிழமை ரயிலில் வருகிறாராம். 'உங்கள் கணவரால் இப்போது தனியாக நடமாட இயலாது. யாராவது நிலையத்துக்கு வரவும்.'

வேலைக்கென்று போய் மூன்று வருடம். அதில் கடைசி இரண்டு வருடம் ஒரு வரி கிடையாது.

என்ன ஆயிற்று என்று சாமியார் எழுதவில்லை.

மே 18, சனி

கண்தான்.

ரயில் கார்டின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கண் திறந்துதான் இருக்கிறது. அந்த நீலம்கூட மாறவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்து, "ஹானோரா, நீதானா? ஏதாவது பேசேன்" என்றார். கையைப் பிடித்தேன்.

மே 19, ஞாயிறு

புனித பாட்ரிக் திருநாளன்று பார்வை மங்க ஆரம்பித்ததாம். மார்ச் பதினேழு. நான் கிணற்றுக்குப் போனது மார்ச் ஆறு.

பதினோரு நாள்.

மே 26, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் சொல்ல முடியாத பாவம்; நற்கருணை வாங்காமல் திரும்பினேன். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், கவெண்ட்ரியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவன் பார்ட்லியைச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னான். "நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்தாரு அக்கா." சிரித்துக்கொண்டு. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. புதனன்று பூசையில் இட்ட நெற்றிச் சாம்பலோடு, கண் நோய் தீர வேண்டிக்கொள்ளும் கண் கிணற்றுக்குப் போனேன். எல்லோரும் வலமாகச் சுற்றும் கிணற்றை இடமாகச் சுற்றினேன். ஏழு சுற்று. பிறகு மேடையில் கிடக்கும் உருண்டைக் கற்களை ஒவ்வொன்றாக இடப்பக்கம் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்: "உன் கண்ணுக்குப் பிடிச்சதெல்லாம் இருண்டு போகட்டும்." எத்தனை கல் என்று தெரியாது. அந்தக் கற்களை இரண்டு தடவை எண்ணி ஒரே கணக்கு யாருக்கும் வந்ததில்லை.

ஒன்றும் நடக்காது என்று நினைத்துத்தானே செய்தேன்?

இல்லை. பொய் எழுதாதே. நடக்கணும்னுதான் செஞ்சேன்.

ஜூன் 11, செவ்வாய்

பக்கத்துப் பண்ணை டீலியா ஒரு புட்டியில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து பார்ட்லியின் கண்ணைக் கழுவிவிட்டாள். "உன் பொண்டாட்டிக்கு எவ்வளவு வயசாயிடுச்சின்னு பாக்காம தப்பிச்ச, போ" என்றாள். அவர் சிரித்தார். வந்த பிறகு முதல் சிரிப்பு.

வழியனுப்ப வெளிக்கதவு வரை போனேன். அங்கே அவள் முகமே வேறாக இருந்தது.

"சாம்பல் புதன் அன்னிக்கு எங்க ஆடு ஒண்ணு ஓடிப்போச்சு. தேடிக்கிட்டு கிணத்துப் பக்கம் வந்தேன்."

"சரி."

"நீ எந்தப் பக்கமா சுத்தினன்னு பாத்தேன் ஹானோரா. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கல்லை நீதான் பழையபடி திருப்பணும். ஆனா அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் திருப்பணும். சொல்லாம திருப்பினா அது வெறும் கல்லு."

ஜூன் 12, புதன்

அநியாயமாகச் சபித்தால் அது சபித்தவர்மேலேயே விழும் என்பார்கள். என்மேல் விழவில்லை.

அப்படின்னா நீ அங்க என்ன செஞ்ச பார்ட்லி?

ஜூலை 23, செவ்வாய்

புல் அறுத்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் சத்தமில்லாமல் நின்றேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. நகர்ந்து நின்றேன். முகமும் நகர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"என்ன பாக்கிற?" என்றார்.

கிணறு இரண்டு வயல் தாண்டி இருக்கிறது. ஆனாலும் உருளைக்கிழங்கு கழுவ உட்கார்ந்தால் கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்கிறது. கையை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. கிழங்குதான் உரசுகிறது என்று சொல்லிக்கொள்கிறேன். இன்று ஒரே ஒரு கிழங்கைத் தனியாகப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். அப்போதும் கேட்டது.

இன்னொன்று. அடுப்போரம் உட்கார்ந்து அவர் ஏதோ முனகுகிறார், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன். மாதா திருநாள்

காலையில் கிணற்றடி முழுக்கக் கூட்டம். எல்லோரும் செபமாலையை முடித்து, முள்மரத்தில் துணிக்கிழிசலைக் கட்டிவிட்டுப் போன பிறகு, மூன்று மணிக்கு அவரைக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் வெறுங்காலோடு. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலமாகச் சுற்றி, சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லாகப் போட்டோம். மூன்றாவது சுற்றில் என் கால் நின்றுவிட்டது.

சொன்னேன். எல்லாவற்றையும்.

பிடித்திருந்த கையை அவர் விடவில்லை. "என்ன வார்த்தை சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

அதையும் சொன்னேன்.

"கண்ணுக்குப் பிடிச்சதெல்லாமா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் கண்ணு போனா போகட்டும். அது சரியான ஆள்மேலதான் விழுந்திருக்கு. ஆனா ஹானோரா... அங்க ஒரு குழந்தை இருக்கு."

கிணற்றில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. வழி தெரியாமல் நிற்கட்டும்.

"கல்லு எங்க? என் கையை அதுமேல வை" என்றார்.

வைத்தேன். அவர் கைமேல் என் கை. ஒவ்வொன்றாக வலப்பக்கம் திருப்பினோம்.

"எல்லாம் ஆச்சா?"

"தெரியல."

முதலிலிருந்து மறுபடி திருப்பினோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெயர் ஐவி. இரண்டு வயது. தாய் ஹேசல், அவர் குடியிருந்த வீட்டுக்காரி, கணவனை இழந்தவள். கண் போனதும் அவளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று கிளம்பினாராம்.

எனக்குப் பாரமா இருக்கலாமா?

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரு வாரமாக அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். அந்தச் சிறுமிக்கும் எனக்கும் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு அழுகிற குழந்தை கண்முன் வந்துகொண்டே இருக்கிறது. பால் கறக்கும்போது. செபத்தின் நடுவில்.

இன்று காகிதத்தை எடுத்து அவர் எதிரே உட்கார்ந்தேன். "சொல்லுங்க, எழுதறேன்."

நலம் விசாரித்தார், வானிலை சொன்னார். கேட்க வேண்டியதை அவரால் கேட்க முடியவில்லை. நானே எழுதினேன்: 'குழந்தையின் கண் எப்படி இருக்கிறது?' அடியில் என் பெயரைப் போட்டேன். உறையில் விலாசமும் என் கையெழுத்துத்தான்.

செப்டம்பர் 9, திங்கள்

ஹேசலின் பதில் என் பெயருக்கு வந்திருந்தது.

'ஐவி நலம். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தரையில் எறும்பைப் பார்த்தால் மிதிக்காமல் நின்று நின்று தாண்டுகிறாள். கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகிறது. ஏன் கேட்டீர்கள்?'

மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை உறையிலிருந்து ஒரு படம் விழுந்தது. அது விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"படமா? எப்படி இருக்கா, சொல்லு."

ஜன்னலோரம் எடுத்துப்போனேன். அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்தால் அவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

"முடி சுருட்டை. ஒரு காலுறை இறங்கியிருக்கு. மூக்கு உங்களுது" என்றேன்.

"கண்ணு?"

"நேரா பாக்குது."

படத்தை அலமாரியில் தேநீர்க் கோப்பைகளுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனேன்.