மின்சாரக் கந்தோருக்கு ஆறு நடை

கட்டுகலை, கண்டி
8 மே 1934

சேசு மரி சூசை துணை.

அன்பு மிகுந்த கிளறன்ஸ் அண்ணனுக்குத் தங்கை பியட்றிஸ் எழுதுவது. நான் நல்ல சுகம். ஈப்போவில் நீங்களும் டொரதி மதினியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

வீட்டின் பக்கத்தில் புது அறை எழும்பிவிட்டது. ஓடு போட்டு, சீமெந்துத் தரையும் காய்ந்தாயிற்று. இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். பிரசவத்துக்கு வருகிற தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக ஒரு மருத்துவிச்சி தன் வீட்டிலேயே இப்படி அறை கட்டியதைத் தான் பார்த்ததில்லை என்று பங்குச் சுவாமி சொன்னார். பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

குறை ஒன்றுதான். முன்கூடத்தில் எரிகிற மின்சாரம் புது அறைக்கு வரவில்லை. அது வராமல் அங்கே பிரசவம் பார்க்கக் கூடாதென்று சுகாதார டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெப்ரவரியில் மின்சாரக் கம்பனிக் கந்தோரில் மனுக் கொடுத்தேன். முதல் நடை போனபோது, இன்ஸ்பெக்டர் வருவார் என்றார்கள். வந்தவர் கம்பி மெல்லிசு என்று சொல்லிப் போய்விட்டார். கம்பியை மாற்றிவிட்டு இரண்டாம் நடை போனேன், அவர் லீவு. மூன்றாம் நடையிலும் லீவு. நான்காம் நடையில் மனுவையே காணோம்! புதிதாக எழுதிக் கொடுத்தேன். நேற்று ஐந்தாம் நடை.

"வீடு யாரு பேருல இருக்கு?" என்று குமாஸ்தா கேட்டார்.

"எங்க அண்ணன் பேருல."

"அப்ப அவரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் செய்ய ஏலாது."

"இதைப் பெப்ரவரியிலயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

ஆகையால் அண்ணா, உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்திட ஒரு அற்றோணித் தத்துவப் பத்திரம் நொத்தாரிசிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். தாமதிக்க வேண்டாம். கந்தோர்க்காரர்கள் தாமதத்தை ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டார்கள்.

அன்புத் தங்கை,
பியட்றிஸ்

ஈப்போ
26 மே 1934

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. அறை கட்டுகிறேன் என்று நீ எழுதியபோது தையல் வகுப்புக்கென்றே நினைத்தேன். தோட்டத்துப் பெண்கள் நம் வாசலில் மூட்டையோடு குந்தியிருப்பதாக அடுத்த வீட்டு ராஜரத்தினம் எழுதியிருக்கிறார். அவர் எழுதித்தான் நான் அறிய வேண்டுமா?

ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்காதே. இங்கே ரயில்வேயில் என்னைக் கண்டி டவுன்காரன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். டொரதிக்கும் அவள் தகப்பனுக்கும் அப்படியே. அடுத்த வருஷம் லீவில் எல்லோரும் வருகிறோம். அந்த வேளையில் வீட்டைத் தோட்டக் கூலிகளின் லயம் ஆக்கி வைத்தால் நான் என்ன சொல்லட்டும்? அறை மதினிக்கு இருக்கட்டும். கையெழுத்துக்கு அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் அலையாதே.

உன் அண்ணன்,
கிளறன்ஸ்

கட்டுகலை, கண்டி
14 ஜூன் 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

மழையில் அலையாதே என்று எழுதியிருந்தீர்கள். அலைந்தேன்.

போன செவ்வாய் மத்தியானம் மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து ரத்தினம்மா என்ற பெண் நோவோடு வந்து சேர்ந்தாள். கட்டில் விரித்திருக்கிறது, தண்ணீர் கொதிக்கிறது. ஆனால் டாக்டர் சொல்லை மீற என்னால் முடியாது. றிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். குளக்கரைத் திருப்பத்தில் பிள்ளை தலை காட்டிவிட்டது. றிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி, கொட்டுகிற மழையில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, என் சேலையையே மறைப்பாகப் பிடித்துப் பிரசவம் பார்த்தேன். மாதா புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "எனக்கு வெக்கமாப் போச்சும்மா" என்று அவள் அழுதாள். வெட்கப்பட வேண்டியது அவளா, அண்ணா?

நம் அம்மா மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுத்துவிட்டுப் போய்த்தான் உங்களைப் பெற்றாள். அதே மடுல்கெல்லையில், பத்தாம் நம்பர் லயத்தில். என்னையும் அங்கேதான். நீங்கள் ரயில்வே குமாஸ்தா என்று சொல்ல எனக்குப் பெருமை. அந்த லயத்திலிருந்து போய் ரயில்வே குமாஸ்தா ஆனீர்கள் என்று சொல்ல அதைவிடப் பெருமை. பெரிய பெருமையை ஒளித்துவிட்டுச் சின்னதை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

வீடு உங்களுடையது. கையெழுத்து வராவிட்டால், ஆடி முடிய நான் வேறு வீடு பார்த்துக்கொள்வேன். சாவி பங்குச் சுவாமியிடம் இருக்கும். மதினி வந்து இருக்கட்டும்.

பியட்றிஸ்

ஈப்போ
9 ஜூலை 1934

என் பியட்றிஸ்,

அற்றோணித் தத்துவம் இத்துடன் வருகிறது.

உன் கடிதத்தைப் பத்து நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு டொரதியையும் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போனேன். பிறந்த இடம் கேட்டார். "கண்டி என்று எழுதட்டுமா?" என்று அவரே எடுத்தும் கொடுத்தார். வேண்டாமென்று, உள்ளதைச் சொல்லி எழுதச் சொன்னேன். டொரதியின் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது அவளே முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "லயத்துல பொறந்ததுக்கு எனக்கென்னங்க? ஆறு வருஷமா உங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே, அதுதான் மனசு ஆறல" என்றாள். அன்று அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சாப்பாடு ஆறிப்போகும் வரை சொன்னேன். மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

நீ வேறு எந்த வீட்டுக்கும் போகாதே.

அண்ணன்

கட்டுகலை, கண்டி
21 ஆகஸ்ட் 1934

அன்பு மிகுந்த அண்ணனுக்கும் மதினிக்கும்,

புது அறைக்கு மின்சாரம் வந்துவிட்டது! டாக்டரும் பார்த்து ஒப்பமிட்டார். பத்திரம் கையில் கிடைத்த பிறகும் மூன்று வாரம் இழுத்தார்கள், அது அவர்கள் வழக்கம். நேற்றுவரை மூன்று பிரசவம் ஆயிற்று. இரண்டு ஆண், ஒரு பெண். ராஜரத்தினம் வீட்டு அம்மாவே வந்து பார்த்துவிட்டு, தன் மகளுக்கும் இங்கேயே பார்க்க முடியுமா என்று கேட்டுப் போனார். மதினி, லீவில் வரும்போது முன்கூடத்து அறை உங்களுக்கு. தோட்டத்துக்கும் ஒரு நாள் போய் வருவோம்.

ஆறாம் நடையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. குமாஸ்தா பத்திரத்தை வாங்கி, கந்தோர் நிறைய ஆட்கள் காத்திருக்க, இங்கிலீஷில் உரக்க வாசித்தார். கிளறன்ஸ், ரயில்வே குமாஸ்தா, ஈப்போ. பிறந்தது மடுல்கெல்லத் தோட்டம், பத்தாம் நம்பர் லயம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இது பிழையா விழுந்திருக்கும் போல?" என்றார்.

"பிழையில்லைங்க. நானும் அங்கதான் பொறந்தேன்" என்றேன்.

பின்வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

உங்கள்,
பியட்றிஸ்