தலைநகரத்தில்தான் இருக்கிறான் என்று சொன்னேன்

மைசூரு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பாலனுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. எழுபத்தொரு வயதில் கைநாட்டை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் பேங்கில் மைப்பெட்டியை நீட்டியவரிடம் பேனா கேட்டேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. மாலை வகுப்பில் கமலம்மாள் டீச்சர் என் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறார். இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆகிறது. உன் அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, என்னங்க, எழுதறீங்களா, கோலம் போடறீங்களா என்று கேலி செய்கிறாள். வீட்டுப்பாடம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது இப்போது எனக்கு வசதியாக இருக்கிறது. அப்படி நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கும் நாட்டிலிருந்து லீவில் வந்த நஞ்சன்கூட்டுக் கணேஷ்குமார் நீ கொடுத்தனுப்பிய படத்தைக் கொண்டுவந்தான். இப்போதெல்லாம் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன், தீப்பெட்டி, காலண்டர் எதையும் விடுவதில்லை. அப்படித்தான் படத்தையும் திருப்பினேன். பின்னால் இடமும் தேதியும் எழுதுவது உன் பள்ளிக்கூடத்து வழக்கம். இந்த வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை என்று நினைத்துவிட்டாய். துறைமுகம், மூன்றாம் கிடங்கு என்று இருந்தது. அந்த நாட்டுத் தலைநகரத்தில் ஹோட்டல் வேலை என்றுதானே எங்களிடம் சொன்னாய்? கூடுதல் சம்பளம் என்று போயிருப்பாய். எனக்குக் கோபமில்லை. பயம்தான்.

இங்கே டிவியில் தினமும் அதே பேச்சு. நீ இருக்கும் நாட்டோடு சண்டை போடுகிற பக்கத்து நாட்டின் மந்திரி டில்லிக்கு வந்து பீரங்கிக் குண்டு கேட்கிறார். கிடைத்தால் முதலில் அந்தத் துறைமுகத்தைத்தான் அடிப்பார்களாம். ஆயுதக் கப்பல் அங்கேதான் நிற்கிறதாம். டீக்கடையில் நஞ்சுண்டசாமி, நமக்கு வெள்ளம் வந்தப்ப அவங்கதானே மொதல்ல ஓடி வந்தாங்க, கேட்டா குடுக்கணும்ப்பா என்றார். ஜடையன், குடுத்து, அதுக்கு எதிர்நாட்டுக்காரன் எண்ணெய நிறுத்திட்டா உன் வண்டிக்கு என்னத்த ஊத்துவ, இந்த டீயையா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

டில்லியில் உன் தங்கை ஸ்ரீதேவி வேலை பார்க்கும் வெளியுறவுத் துறைப் பிரிவுக்குத்தான் அந்தக் கோரிக்கை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். முடிவு மேலே இருப்பவர்களுடையது. ஆனால் கொடுத்தால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்று முதல் குறிப்பு எழுதுவது அவளைப் போன்றவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரலே சரியில்லை. கேக்கறவங்க ஊர்லயும் ஆஸ்பத்திரி இடிஞ்சு கெடக்குதுப்பா, அங்கயும் கொழந்தைங்க இருக்குல்ல என்றாள். பிறகு, அண்ணன் தலைநகரத்துலதானே இருக்குது, துறைமுகம் பக்கம் இல்லையே என்று கேட்டாள்.

உன் படம் அப்போது என் மடியில் இருந்தது. ஆமாம்மா, தலைநகரத்துலதான் இருக்கான் என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் மேலதிகாரியிடம் சொல்லி விலகியிருக்கலாம். இல்லையென்றால் யாருக்கும் சொல்லாமல், உன்னை நினைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். பிறகு அந்த ஆஸ்பத்திரிக் குழந்தைகள் அவளைத் தூங்க விடமாட்டார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் பொய் சொன்னேன் என்று எழுத ஆசை. இல்லை பாலா, பயத்தில் வாயில் வந்தது அது. யோசித்ததெல்லாம் பிறகுதான். திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல நான்கு முறை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். இப்போது அவள் என் சொல்லை நம்பி எழுதிக்கொண்டிருப்பாள். கொடுக்கலாம் என்று அவள் எழுதி, அவர்களும் கொடுத்துவிட்டால்?

உன்னிடம் போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். கணேஷ்குமார் நாளை அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

படித்ததும் துணிமணியைக்கூடத் தேடாதே. அன்றைக்கே பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போய்விடு. ஊருக்கு வர வழி கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அங்கேயே எந்த வேலையானாலும் செய். சாமுண்டித் தாய் உன் கூடவே வரட்டும். உன் தங்கை எதை எழுதினாலும் தலை நிமிர்ந்து எழுதட்டும். நான் அவளிடம் சொன்ன பொய்யை நீதான் உண்மையாக்க வேண்டும், சாமி.

உன் அப்பா,
தொட்டையன்