எழுந்துபோகிறவள்

ஜூன் 3, திங்கள்

எங்கள் முடிவெட்டும் கடைக்கு விடுமுறை. வழக்கம்போல் மனநலக் காப்பகத்துக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு முடி வெட்டினேன். அவர்களில் ஒருத்தி இன்றும் அதையேதான் செய்தாள். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தில் பச்சைத் துண்டைக் கட்டினேன். சீவினேன். கத்தரிக்கோலை எடுத்ததும் எழுந்து போய்விட்டாள். வாரா வாரம் இதே கூத்து. பெயர் கேட்டால் சொல்வதில்லை. நானே ஒன்று வைத்துவிட்டேன் — எழுந்துபோகிறவள்.

வெட்ட வேண்டாமென்றால் ஏன் வருகிறாள்?

ஜூன் 6, வியாழன்

வங்கியில் வேலை பார்க்கும் அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். சீப்பை மோந்து பார்க்காத குறைதான். "இது அங்க கொண்டுபோற சீப்பா?"

"இல்லம்மா, அதுக்குத் தனிப் பை இருக்கு."

நம்பவில்லை. துண்டை அவரே அவிழ்த்துவிட்டு எழுந்தார். இன்றைக்கு எழுந்துபோகிறவள் இவர்!

கடையில் இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்று என்னுடையது, ஒன்று அண்ணியுடையது. அண்ணி தெருமுனை வரை போய் அந்த அம்மாவிடம் கெஞ்சிவிட்டுத் திரும்பினார். கடை மூடும்வரை அவர் கத்தரிக்கோல் மட்டும்தான் பேசியது.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுப் படி ஏறும்வரை அடக்கிக்கொண்டிருந்தார் அண்ணி. பிறகு பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஊருக்கு நல்லது பண்ணு, வேணாங்கல. நம்ம வயித்துல அடிச்சுத்தான் பண்ணணுமா? பரலோகத்துல உனக்கு மட்டும் தனி நாற்காலி போட்டு வெச்சிருக்காங்களா?"

அந்த இடமா, இந்தக் கடையா — நான் முடிவு சொல்ல வேண்டுமாம். அண்ணன் அவர் பேசும்போதும் தலையாட்டினான், நான் பேசும்போதும் தலையாட்டினான்.

கோவம் கோவமா வருது. ஆனா அவங்க சொல்றதும் பொய்யில்லையே. அண்ணன் பிள்ளைங்க படிப்பே இந்தக் கடைலதான் ஓடுது. கர்த்தாவே, நான் பண்றது நல்லதா, வெறும் பிடிவாதமா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஜூன் 10, திங்கள்

காப்பகத்துக்குக் கொண்டுபோகும் பையைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். அண்ணி மும்முரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். நான் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

இன்று வெட்டு கிடையாது என்றதும் பலர் கலைந்தார்கள். எழுந்துபோகிறவள் வந்து உட்கார்ந்தாள். துண்டைக் கட்டினேன், சீவினேன். இன்னும் சீவினேன். எழுந்திருக்கவே இல்லை! கண்ணை மூடிக்கொண்டு, என் கை வலிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸிடம் கேட்டேன். "இவங்களப் பார்க்க யாரும் வர்றதில்லக்கா. ஊசி போடறப்ப தவிர யார் தொடுறாங்க?" என்றாள்.

அட, இவ்வளவுதானா. முடி வெட்டிக்கொள்ள அவள் வரவே இல்லை. நான்தான் வாரா வாரம் கத்தரிக்கோலைத் தூக்கித் துரத்தியிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

பைபிளில் குஷ்டரோகி கதையை வாசித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே அவன் சுகமாகியிருப்பான். ஆனால் இயேசு முதலில் கையை நீட்டித் தொட்டார், சுகமானது அதற்குப் பிறகு. ஏன் அந்த வரிசை? சுத்தமான பின் தொட்டிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்களே. இத்தனை வருடம் வாசித்தும் இது கண்ணில் படவில்லை. அன்றும் பக்கத்தில் ஒரு வங்கி அம்மா நின்றிருப்பார்.

ஜூன் 15, சனி

சொல்லிவிட்டேன். "என் நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க அண்ணி. திங்கக்கிழமைய என்னால விட முடியாது."



ஜூன் 17, திங்கள்

அண்ணி காப்பகத்துக்கே வந்துவிட்டார்! கையில் என் பை.

"இந்தா, உன் பொருள் எனக்கெதுக்கு. நாளையிலேர்ந்து உன் நாற்காலிக்கு வேற ஆள் —"

அவர் முடிக்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த எழுந்துபோகிறவள் எழுந்தாள். தன் கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். அண்ணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டைக் கட்டினாள். என்னிடமிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள்.

அண்ணி உதறிக்கொண்டு ஓடப்போகிறார் என்று நினைத்தேன். அவளோ அண்ணியின் கொண்டையை அவிழ்த்து, நான் செய்வதைப் போலவே நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தாள். அண்ணியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இத்தனை காலம் எத்தனை பேர் தலையைத் தொட்டிருப்பார் இந்த அண்ணி. அவர் தலையை யார் தொட்டார்கள்? எனக்கு ஒருநாளும் இது தோன்றியதில்லை.

வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "துண்ட ரொம்ப இறுக்கிக் கட்டிட்டா."

ஜூன் 27, வியாழன்

வங்கி அம்மா இனி வரமாட்டாராம். அவரோடு இன்னும் சிலரும். இன்று மதியம் முழுக்க இரண்டு நாற்காலியும் காலி. ஒன்று இன்னும் என்னுடையதுதானா என்று நான் கேட்கவில்லை. அண்ணி இரண்டையும் துடைத்துவைத்தார்.

ஜூலை 1, திங்கள்

கிளம்பும்போது கொடியில் பச்சைத் துண்டைக் காணோம். மறுபடியுமா என்று முணுமுணுத்தபடி வாசலுக்கு வந்தேன். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. தலையில் கொண்டை இல்லை.

"என்ன முழிக்கிற? வரிசைல நிக்கணும்ல. சீக்கிரம் வா."